தீவுக்கு இருவர்: காரைக்கால் கரையிலிருந்து ஒரு கணக்கு

சோழக் கடற்கரையில் தோழியோடு கிளம்பிய ஒருத்தி தீவில் போய்க் கண்விழித்த கதை மணிமேகலையில் இருக்கிறது. பூப்பறிக்கச் சுதமதியோடு உவவனம் போனவளை, உறங்கும் வேளையில் மணிமேகலா தெய்வம் எடுத்துக்கொண்டுபோய் மணிபல்லவத்தில் வைக்கிறது. புகாருக்குத் தெற்கே முப்பது யோசனைத் தூரம் அந்தத் தீவு. தோழியை அது அழைத்துப்போகவில்லை. திரும்பி வந்து சுதமதியை எழுப்பி, ஏழாம் நாள் வந்துவிடுவாள் என்று ஆறுதல் மட்டும் சொல்லிவிட்டுப் போகிறது. மணிபல்லவம் என்பது யாழ்ப்பாணத்தை அடுத்த நயினாதீவுதான் என்று கருதும் அறிஞர்கள் பலர், ஒப்பாதவர்களும் இருக்கிறார்கள். எப்படியானாலும், பூம்புகாரிலிருந்து தரங்கம்பாடி வழியாகக் காரைக்கால் வரை நீளும் இந்தக் கரைக்குத் தீவுப் பயணம் பழைய செய்தி. தோழியும் கூடப் போவதும், இருவரும் சேர்ந்தே திரும்புவதும்தான் புதிய செய்தி.

நெருங்கிய நண்பர் இருவர் ஒரு வெப்பமண்டலத் தீவில் ஒரு வாரம் கழித்துவிட்டு வரவேண்டும் என்று காரைக்காலில் உட்கார்ந்து திட்டம் போட்டால் எங்கே போகலாம், எது தடுக்கும், எது கைகொடுக்கும்? பயண நிறுவனங்களின் விளம்பரங்கள் இதற்கு விடை சொல்வதில்லை. அவை சென்னை விமான நிலையத்திலிருந்து தொடங்குகின்றன. காரைக்காலின் நிலைமை வேறு. 2011 கணக்கெடுப்பில் 2,00,222 பேர் வாழ்ந்த சின்ன மாவட்டம் இது. தலைமையிடமான புதுச்சேரி நூற்று முப்பது கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது. மூன்று பக்கமும் தமிழ்நாடு, நான்காவது பக்கம் கடல். விமான நிலையம் கிடையாது. துறைமுகம் உண்டு, ஆனால் அதில் இறங்குவது நிலக்கரியும் உரமும்தான். போதாக்குறைக்கு, ஒரே தெருவில் வளர்ந்த இரண்டு நண்பர்களின் கையில் இரண்டு நாட்டுப் பாஸ்போர்ட் இருக்கலாம். இந்தக் கடைசிச் சங்கதிதான் மற்றெல்லாவற்றையும்விடக் கணக்கைக் குழப்புகிறது.

கடலேறிப் போனவர் அப்படியே போய்விட்ட கதைகள் இந்த ஊரில் அதிகம். காரைக்கால் அம்மையாரின் கணவன் பரமதத்தன் வணிகத்தைக் காரணம் சொல்லிக் கப்பலேறியவன். திரும்பியபோது அவன் கரையிறங்கியது பாண்டிநாட்டில். அங்கேயே வேறொருத்தியை மணந்து குடியமர்ந்தான் என்கிறது பெரியபுராணம். ஆனி மாதம் மாங்கனித் திருவிழாவில் மாடியிலிருந்து மாம்பழம் இறைக்கும்போது அவனுடைய பயணத்தை யாரும் பேசுவதில்லை.

பிரெஞ்சுக்காரர்கள் 1739-இல் தஞ்சை மராட்டிய அரசிடமிருந்து இந்த ஊரைப் பெற்றார்கள். அடுத்த நூற்றாண்டில் இது தீவுகளுக்கு ஆள் ஏற்றும் துறையாயிற்று. ரீயூனியன் தீவின் கரும்புத் தோட்டங்களுக்கு 1828-லிருந்தே இந்தியர்களைக் கொண்டுபோகப் பார்த்தார்கள். 1848-இல் பிரெஞ்சுக் குடியேற்றங்களில் அடிமை முறை ஒழிந்ததும் ஆள் தேவை பலமடங்கு ஆயிற்று. ‘ஒரேலி’ என்ற கப்பல் 1853 மே மாதம் மார்த்தினிக் தீவுக்கும், 1854 டிசம்பரில் குவாதலூப் தீவுக்கும் முதல் இந்தியக் கூலிகளைக் கொண்டுபோய் இறக்கியது. 1860, 1861 ஆண்டுகளில் பிரிட்டனும் பிரான்ஸும் ஒப்பந்தம் போட்டுக்கொண்டபின் தஞ்சாவூர் ஜில்லாவின் பண்ணையாட்களைச் சட்டப்படியே சேர்த்துக் காரைக்கால் டிப்போவில் வைத்துக் கப்பலேற்ற முடிந்தது. மேற்பார்வைக்கு இங்கே பிரிட்டிஷ் அதிகாரி ஒருவரும் இருந்தார். ஐந்தாண்டு ஒப்பந்தம், முடிந்தால் திரும்பும் பயணம் இலவசம் என்பது தாளில் இருந்தது. குவாதலூப்புக்குச் சுமார் 42 ஆயிரம் பேரும் மார்த்தினிக்குக்குச் சுமார் 25 ஆயிரம் பேரும் போனார்கள். ரீயூனியனுக்குப் போனவர்கள் அதைவிட மிக அதிகம். கூலிகள் நடத்தப்பட்ட விதம் பொறுக்காமல் பிரிட்டிஷ் இந்திய அரசு ரீயூனியனுக்கு ஆளனுப்புவதை 1882-இல் நிறுத்தியது. பெரும்பாலோர் திரும்பவில்லை.

அந்தக் கப்பல்களில் ஒரே சேரிக்காரர்களும் கூட்டாளிகளும் சேர்ந்து ஏறியிருப்பார்கள் என்று நினைப்பதில் தவறில்லை. ஆனால் கரையிறங்கியதும் தோட்டம் தோட்டமாகப் பிரித்துத்தான் கொடுத்தார்கள். கயானா, டிரினிடாட் பக்கம் போன வடஇந்தியர்கள் ஒரே கப்பலில் வந்தவனை ‘ஜஹாஜி பாய்’, அதாவது கப்பல் அண்ணன் தம்பி என்று சாகும்வரை உறவு கொண்டாடினார்கள். நம் பக்கத்துக் கூலிகளிடமும் அப்படியொரு கப்பல் நட்பு இருந்திருக்கும், எழுதிவைக்க ஆளில்லை. குவாதலூப்பில் பிறந்த கூலிகளின் பிள்ளைகளைக் குடிமக்களாக ஏற்கக்கூட அரசு தயங்கியது. ஹென்றி சிதம்பரம் என்பவர் 1904-இல் தொடங்கி 1923 வரை வழக்காடித்தான் அவர்களுக்கு வாக்குரிமை வாங்கினார். இன்றைக்குக் கரீபியன் கடற்கரைப் படத்தைக் கைப்பேசியில் பார்த்து மயங்குகிற காரைக்கால் இளைஞருக்கு, அந்தக் கரையில் நம் அரசலாற்றுக் கரைக்காரர்களின் பேரப்பிள்ளைகள் நடக்கிறார்கள் என்பதைச் சொல்வார் யாருமில்லை. பள்ளிப் பாடத்தில் இது ஒரு பக்கமாவது இருக்கவேண்டும் என்பது என் எண்ணம்.

இதற்குப் பக்கத்திலேயே இன்னொரு தீவு வரலாறு உண்டு. மரைக்காயர்களும் வணிகச் செட்டிகளும் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போய்வந்த வரலாறு அது. சிங்கப்பூரில் 1828–30 வாக்கில் எழுந்த நாகூர் தர்கா இன்றும் நிற்கிறது. காரைக்காலிலிருந்து நாகூர் கூப்பிடு தூரம். ‘ரஜூலா’ கப்பல் 1926 முதல் ஏறத்தாழ அரை நூற்றாண்டு சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று ஓடியது. அதன் பின் வந்த ‘எம்.வி. சிதம்பரம்’ 1985 பிப்ரவரியில் தீப்பிடித்ததோடு அந்தக் கப்பல் காலம் முடிந்தது. இந்தப் போக்குவரத்தில் போனவர்கள் திரும்பினார்கள். கடல்கடந்து பிழைக்கப் போன சபுராளி வீட்டுக்கு வந்து இரண்டு மாதம் இருப்பார், கைலியும் அத்தரும் டார்ச் லைட்டும் கொடுப்பார், மறுபடி கப்பலேறுவார். ஆனால் அதுவும் பிழைப்புதான். அவருக்குத் தீவு வேலைத்தளம், காரைக்கால்தான் விடுமுறை. இன்றைக்கும் திருச்சியிலிருந்து சிங்கப்பூர், கோலாலம்பூர், கொழும்பு விமானங்களில் அடிக்கடி ஏறி இறங்குகிறவர்களில் சரக்குச் சுமந்து போய்வரும் ‘குருவிகள்’ பலர். தீவுக்கு மாதம் ஒருமுறை போகிறார்கள். கடலில் கால் நனைத்திருப்பார்களா என்பது சந்தேகம்.

ஆக, தீவுக்குச் சும்மா போவது, உலாவிவிட்டு வருவது என்ற எண்ணம் இந்த ஊரில் ஒரு தலைமுறை வயதுகூட ஆகாதது. அதனால்தான் வீட்டில் சொன்னதும் முதல் கேள்வியாக “அங்க என்ன வேலை?” என்று வருகிறது. வேலை ஒன்றுமில்லை, நானும் அவனும் சும்மா போறோம் என்றால், கேட்டவருக்கு நம்பிக்கை வருவதில்லை.

இப்போது பாஸ்போர்ட் சங்கதிக்கு வருவோம். பிரெஞ்சிந்தியப் பகுதிகள் 1954 நவம்பர் 1 அன்று நடைமுறையில் இந்தியாவின் கைக்கு வந்தன. 1956-இல் கையெழுத்தான ஒப்பந்தம் 1962 ஆகஸ்ட் 16 அன்றுதான் சட்டப்படி நிறைவேறியது. அதற்குப் பின் ஆறு மாத அவகாசத்துக்குள் விருப்பம் எழுதிக்கொடுத்தவர்கள் பிரெஞ்சுக் குடிமக்களாகவே நீடித்தார்கள். ஏறக்குறைய 5 ஆயிரம் பேர் அப்படி எழுதிக்கொடுத்தார்கள். பிரெஞ்சுப் படையில் இருந்த ‘சொல்தா’ குடும்பங்கள் அவர்களில் நிறைய. அவர்களுடைய பேரப்பிள்ளைகள் பாரிஸ் புறநகரிலும் காரைக்காலிலும் மாறிமாறி இருக்கிறார்கள். ஜூலை, ஆகஸ்டில் ‘வக்கான்ஸ்’ என்று ஊருக்கு வந்து கல்யாணம் காதுகுத்து முடித்துப் போகிறார்கள். அரசுப் பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்களில் ஒருவன் பிரெஞ்சுக்காரன், இன்னொருவன் இந்தியன் என்பது இங்கே அதிசயமில்லை. பிரான்ஸின் அதிபர் தேர்தலுக்குக் காரைக்காலிலேயே வாக்குச்சாவடி போடுவார்கள்.

இந்த இருவரும் ரீயூனியன் போக நினைத்தால் என்ன ஆகும் என்று பாருங்கள். அது பிரான்ஸின் ஒரு மாவட்டம். பிரெஞ்சுப் பாஸ்போர்ட் வைத்திருப்பவன் பாரிஸிலிருந்து உள்ளூர்ப் பயணம் போல ஏறிப் போகலாம். இந்தியனுக்கோ விசா விதிகள் தனி. ஷெங்கன் எல்லைக்குள் ரீயூனியன் வராது என்பதால், ஐரோப்பாவுக்கு வாங்கிய ஷெங்கன் விசாவை நீட்டினால் பொதுவாக அங்கே செல்லாது. யாருடைய முன்னோரைக் காரைக்கால் டிப்போவிலிருந்து அந்தத் தீவுக்கு ஏற்றினார்களோ, அந்த வீட்டுப் பையன்தான் இன்றைக்கு விண்ணப்பத்தோடு நிற்கிறான் என்ற வேடிக்கையும் நடக்கக்கூடும்.

போக முடிந்தால் ரீயூனியன் அருமையான தீவு. 3,070 மீட்டர் உயரத்தில் பனிச்சிகரம் என்று பெயர் பெற்ற மலை. அவ்வப்போது குழம்பு கக்கும் ஃபூர்னேஸ் எரிமலை. சிலாவோஸ், மஃபாத், சலாஸி என்று மூன்று பெரும் மலைக்கிண்ணங்கள். 2010-இல் யுனெஸ்கோ இவற்றை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. தமிழர்களை அங்கே ‘மல்பார்’ என்பார்கள். சாந்த்-ஆந்த்ரே ஊரில் தைப்பூசக் காவடியும் தீமிதியும் பார்க்கலாம். ராமசாமி, வீரபிள்ளை என்ற பெயர்கள் பிரெஞ்சு எழுத்துக்கூட்டலில் அடையாளம் மாறி நாடாளுமன்றம் வரை போயிருக்கின்றன. தமிழ் பேசுவோர் அரிது; சாமிக்கு மட்டும் தமிழ். ஒரே எச்சரிக்கை கடலைப் பற்றியது. 2011-க்குப் பின் அடுத்தடுத்துச் சுறாத் தாக்குதல்கள் நடந்ததால், பவளத்திட்டுக்கு உட்பட்ட காயலிலும் பாதுகாப்பு ஏற்பாடுள்ள இடங்களிலும் தவிர மற்ற இடங்களில் குளிப்பதை 2013-இல் தடைசெய்தார்கள். கடற்கரை ஆசையில் போகிற தீவு இல்லை அது, நடப்பதற்கான தீவு. இருவரில் ஒருவருக்கு முழங்கால் வலி இருந்தால் வேறு இடம் பார்க்கலாம்.

பக்கத்துத் தீவான மொரீசியஸ் இந்தியர்களுக்கு முன்விசா கேட்பதில்லை, பிரெஞ்சுக்காரர்களுக்கும் அப்படியே. இரண்டு பாஸ்போர்ட் நட்புக்கு அது வசதி. ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்து இருக்கிறது, தைப்பூசத்துக்கு அரசு விடுமுறை உண்டு. கூலிகள் இறங்கிய ஆப்ரவாசி காட் படிக்கட்டு 2006 முதல் உலகப் பாரம்பரியச் சின்னம். செலவுதான் இடிக்கும்.

மாலத்தீவு, பாலி, புக்கெட், லங்காவி பற்றி அதிகம் சொல்லவேண்டியதில்லை, எல்லோருக்கும் தெரிந்ததே. மாலத்தீவு இந்தியர்களுக்கு வந்திறங்கியதும் விசா கொடுக்கிறது. மலேசியா 2023 டிசம்பர் முதல் முப்பது நாளைக்கு விசா கேட்பதில்லை. திருச்சியிலிருந்து கோலாலம்பூர், அங்கிருந்து லங்காவி என்பது காரைக்கால்காரருக்கு மிகச் சுலபமான வழி. மாலத்தீவில் மக்கள் வாழும் தீவுகளின் விருந்தினர் இல்லங்கள், தனித்தீவு ரிசார்ட்டுகளைவிட மிகவும் மலிவு. தமிழ் வாசகருக்கு அந்தத் தீவில் ரசிக்க இன்னொரு சேதி: ராஜராஜ சோழனின் மெய்க்கீர்த்தி பன்னிரண்டாயிரம் பழந்தீவுகளை வென்றதாகப் பாடுவது இந்தத் தீவுக்கூட்டத்தைத்தான் என்பது வரலாற்றாசிரியர் கருத்து. தூத்துக்குடித் தோணிகள் இன்றும் வெங்காயமும் கட்டுமானப் பொருளும் ஏற்றிக்கொண்டு மாலேவுக்குப் போகின்றன.

உள்நாட்டுத் தீவுகளில் அந்தமானுக்குத்தான் ஆள் அதிகம் போகிறார்கள். சென்னையிலிருந்து விமானத்தில் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று அதிகம். கப்பலென்றால் மூன்று நாள் வரை. போர்ட் பிளேர் 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் ஆகிவிட்டது. ஹேவ்லாக் 2018 முதல் ஸ்வராஜ் தீவு. சந்தையில் தமிழ் பேசியே சாமான் வாங்கலாம் என்பதால் வெளிநாட்டுப் பயணத்தின் கூச்சம் இல்லை. லட்சத்தீவை மட்டும் காரைக்கால்காரர்கள் ஏனோ நினைத்துப் பார்ப்பதில்லை. இத்தனைக்கும் காரைக்கால்–எர்ணாகுளம் எக்ஸ்பிரஸ் இங்கிருந்தே புறப்படுகிறது. இரவெல்லாம் தூங்கினால் விடிந்து கொச்சி. லட்சத்தீவுக் கப்பல்கள் புறப்படுவது அங்கிருந்துதான். முப்பத்தாறு தீவுகள், மக்கள் வாழ்வது பத்தில். முன்னனுமதிச் சீட்டு இல்லாமல் யாரும் இறங்க முடியாது. பங்காரம் தவிர மற்ற இடங்களில் மதுவிலக்கு உண்டு. பக்கத்து மாவட்டங்களெல்லாம் பாட்டிலுக்காகவே வந்துபோகும் ஊர்க்காரருக்கு இது வித்தியாசமான விடுமுறையாக இருக்கும். பிரெஞ்சுப் பாஸ்போர்ட் நண்பருக்கு இங்கும் இடைஞ்சல்தான்: லட்சத்தீவிலும் அந்தமானிலும் வெளிநாட்டவருக்குக் குறிப்பிட்ட சில தீவுகளே திறந்திருக்கின்றன.

இவ்வளவும் சொன்னபின், எனக்கு மிக நெருக்கமாகத் தோன்றும் விடை எதிர்க்கரைதான். யாழ்ப்பாணமும் அதன் தீவுகளும். தூரத்தை மட்டும் எடுத்துக்கொண்டாலே போதும். நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு ஏறத்தாழ 110 கிலோமீட்டர். காரைக்காலிலிருந்து புதுச்சேரிக்குப் போவதைவிடக் குறைவு. ஆனால் இந்தக் குறுகிய தூரத்துக்குக் கப்பல் விட நமக்கு நாற்பது ஆண்டு ஆயிற்று. தனுஷ்கோடி–தலைமன்னார் கப்பல் 1914-இல் தொடங்கி 1964 புயலோடு போயிற்று. ராமேஸ்வரத்திலிருந்து ஓடியது எண்பதுகளின் இனக்கலவரத்தோடு நின்றது. போர் முடிந்தபின் 2011 ஜூனில் தூத்துக்குடி–கொழும்புக்கு விட்ட ‘ஸ்காட்டியா பிரின்ஸ்’ அதே ஆண்டு நவம்பரில் நின்றுபோனது. பின் காரைக்காலின் முறை வந்தது. காங்கேசன்துறைக்கும் காரைக்காலுக்கும் இடையே 2023 ஏப்ரல் இறுதியில் கப்பல் ஓடும் என்று இலங்கை அரசுத் தரப்பில் நாளே குறித்தார்கள். ஓடவில்லை. அந்த ஆண்டு அக்டோபர் 14 அன்று பிரதமர் காணொளியில் கொடியசைத்த ‘செரியபாணி’ நாகப்பட்டினத்திலிருந்துதான் புறப்பட்டது. அது 150 இருக்கைகள் கொண்ட லட்சத்தீவுக் கப்பல். ஒரு வாரத்தில் பருவமழை வந்து அதுவும் நின்றது. தனியார் நிறுவனம் இயக்கும் ‘சிவகங்கை’ 2024 ஆகஸ்ட் 16 அன்று சேவையை மீண்டும் தொடங்கியது. புதுச்சேரியும் காரைக்காலும் சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்த நாள் அது என்பதை அன்றைக்கு யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை.

தொடங்கியபோது ஒரு வழிக் கட்டணம் 5 ஆயிரம் ரூபாயை ஒட்டி இருந்தது. நான்கு மணி நேரப் பயணம். பாஸ்போர்ட்டும் இலங்கையின் நுழைவு அனுமதியும் வேண்டும். விமானமே மேல் என்பவர்களுக்கு யாழ்ப்பாணம் பலாலி 2019 அக்டோபரில் சர்வதேச விமான நிலையமாயிற்று. சென்னையிலிருந்தும், 2025 மார்ச் இறுதியிலிருந்து திருச்சியிலிருந்தும் விமானம் விட்டார்கள். இருந்தாலும் இந்தக் கடலை மேலிருந்து பார்ப்பதைவிட அதன் மேல் போவதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது.

யாழ்ப்பாணத்துக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் நல்லூர்க் கந்தனையும், 1981-இல் எரிக்கப்பட்டு மீண்டும் எழுந்த நூலகத்தையும் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். தீவுகளுக்கு மூன்று நாளாவது ஒதுக்க வேண்டும். பண்ணைப் பாலத்தில் தொடங்கிக் கடலுக்கு நடுவே போடப்பட்ட சாலைகளில் வேலணை, புங்குடுதீவு என்று பேருந்திலேயே போய்க் குறிகட்டுவான் துறையில் இறங்கலாம். அங்கிருந்து நயினாதீவு கால் மணி நேரப் படகு. நாகபூசணி அம்மன் கோயிலும் நாகதீப விகாரையும் ஒரே கரையில் இருக்கின்றன. நெடுந்தீவுக்குப் படகு ஏறத்தாழ ஒரு மணி நேரம். கிராமம், பனை, சுண்ணாம்புப் பவளக்கல்லை அடுக்கி எழுப்பிய வேலிகள், ஐரோப்பியர் விட்டுப்போன குதிரைகளின் வழிவந்த காட்டுக் குதிரைகள், ஒரு பெருக்கு மரம். உயரமான கட்டடம் இல்லை, கூட்டம் இல்லை. பாலியிலும் புக்கெட்டிலும் காசு கொடுத்து வாங்குகிற தனிமை இங்கே சும்மா கிடக்கிறது. குறிகட்டுவானுக்கும் நெடுந்தீவுக்கும் இடையே ஓடும் ‘குமுதினி’ படகின் பெயரைக் கேட்டதும் அங்குள்ளவர்கள் குரல் தாழ்த்துவார்கள்: 1985 மே 15 அன்று அந்தப் படகில் குழந்தைகள் உட்பட இருபதுக்கு மேற்பட்டோர் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். காரைநகர் கசூரினா கடற்கரை ஆழமற்றது, நீச்சல் தெரியாதவரும் இறங்கலாம். இரவு ஒடியற்கூழ் கிடைத்தால் விடவேண்டாம்; நண்டும் மீனும் பலாக்கொட்டையும் பயற்றங்காயும் ஒரே பானையில் கொதிக்கும். நம் ஊர் மீன்குழம்புக்குப் பழகிய நாக்குக்கு முதல் வாயில் ஒன்றும் புரியாது, மூன்றாம் வாயில் நிறுத்த முடியாது.

ஆனால் நெடுந்தீவு என்ற பெயரைக் காரைக்கால்மேடு, கிளிஞ்சல்மேடு, பட்டினச்சேரி மீனவர் தெருக்களில் சுற்றுலாத் தலமாக யாரும் உச்சரிப்பதில்லை. அங்கே அது கைதாகும் இடத்தின் பெயர். 2025 ஜனவரி 28 அதிகாலையில் நெடுந்தீவு அருகே காரைக்கால் விசைப்படகு ஒன்றிலிருந்த 13 பேரை இலங்கைக் கடற்படை பிடித்தபோது துப்பாக்கிச் சூடு நடந்தது. இருவர் பலத்த காயத்தோடு யாழ்ப்பாணம் போதனா மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். டெல்லி இலங்கையின் பொறுப்புத் தூதரை அழைத்துக் கண்டித்தது. எதிர்க்கரைத் தமிழ் மீனவரைக் கேட்டால் அவர் குறையும் நியாயமானது: போர்க்காலம் முழுதும் கடலுக்குப் போக முடியாதிருந்தவர், இப்போது நம் இழுவைமடிப் படகுகள் தன் வலையை அறுத்துப் போவதைப் பார்க்கிறார். நாம் சீட்டு வாங்கி நாலு மணி நேரத்தில் போகிற கடலை, அதே ஊர்க்காரர் உயிரைப் பிடித்துக்கொண்டு கடக்கிறார். விடுமுறைக்குப் போகிறவர் இதற்காக வெட்கப்படத் தேவையில்லை, தெரிந்துகொண்டு போகவேண்டும். குறிகட்டுவான் தேநீர்க் கடையில் எந்த ஊர் என்று கேட்பார்கள். காரைக்கால் என்று சொல்லுங்கள். பேச்சு மீனுக்குத்தான் போகும். அந்தப் பேச்சைத் தவிர்க்காமல் உட்கார்ந்து கேட்பது நல்லது.

பாஸ்போர்ட்டே இல்லாதவர்களுக்கும் ஒரு தீவு உண்டு. 1974 ஒப்பந்தத்தில் இலங்கைக்குப் போன கச்சத்தீவில், பிப்ரவரி–மார்ச் வாக்கில் இரண்டு நாள் அந்தோணியார் திருவிழா நடக்கிறது. முன்பதிவு செய்த இந்தியப் பக்தர்கள் ராமேஸ்வரத்திலிருந்து படகில் போய்வர விசா தேவையில்லை. அதுவும் வேண்டாம் என்றால் ராமேஸ்வரமே தீவுதான். 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாம்பன் பாலத்தில் ரயில் போகிறது.

பெண்கள் இருவர் போவதைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். இரண்டு பையன்கள் பாலி போகிறேன் என்றால் செலவு மட்டும்தான் கேள்வி. இரண்டு பெண்கள் நெடுந்தீவு என்றால் உடன் யார், எங்கே தங்கல், கல்யாணத்துக்குப் பிறகு போனால் ஆகாதா என்று வரிசையாக வரும். சம்பாதிக்கிற பெண்களுக்கும் இதே கதிதான். சுதமதியை உவவனத்தில் விட்டுவிட்டுப் போன தெய்வத்தைப் போலவே பல வீடுகள் ஒருத்தியை அனுப்பி ஒருத்தியை நிறுத்திவிடுகின்றன. இந்த வகையில் யாழ்ப்பாணம் பெற்றோரிடம் சொல்ல ஏற்ற பெயர்: தமிழ் பேசும் ஊர், கோயில், ஒரே நாளில் திரும்பிவிடக்கூடிய தூரம். கோயிலைச் சொல்லி அனுமதி வாங்கிக் கடலைப் பார்த்துவிட்டு வருவது நம் பெண்களுக்குத் தெரியாத கலை இல்லை.

நட்பைக் கெடுப்பது பெரும்பாலும் பணம். யூரோவில் சம்பாதிப்பவனும் காரைக்காலில் கடை வைத்திருப்பவனும் சேர்ந்து போகும்போது, முன்னவன் எல்லாவற்றுக்கும் காசு கொடுத்துவிடுவான், பின்னவன் மூன்றாம் நாள் பேச்சைக் குறைத்துவிடுவான். புறப்படும் முன்பே குறைந்த வருமானக்காரரின் அளவுக்குச் செலவை வைத்து இருவரும் சமமாகப் போட்டுக்கொள்வதுதான் ஒழுங்கு. எதிர்க்கரைத் தீவுகளுக்கு நான் வாக்களிக்க இதுவும் ஒரு காரணம். அங்கே ஆடம்பரம் செய்யவே இடமில்லை.

அரசுக்கும் ஒரு கோரிக்கை. காரைக்காலின் வாஞ்சூரில் ஆழமான துறைமுகம் 2009 முதல் இயங்குகிறது. 2023-இல் அது பெரிய நிறுவனத்தின் கைக்கும் போயிற்று. பயணிகளுக்கு ஒரு படித்துறையும் குடிவரவு அலுவலகமும் அங்கே அமைத்தால், நின்றுபோன காரைக்கால்–காங்கேசன்துறைத் திட்டத்தை மீண்டும் பேசலாம். புதுச்சேரி அரசு தீவு, சொகுசுக் கப்பல் என்றெல்லாம் சுற்றுலா அறிக்கையில் எழுதுகிறது. காரைக்காலுக்கு ஒரு சின்னப் பயணிகள் கப்பல் போதும்.

போக நினைப்பவர்களுக்கு: நவம்பர் முதல் ஜனவரி வரை வடகிழக்குப் பருவமழையில் கப்பலை நிறுத்திவிடுவது வழக்கம், அந்த மாதங்களில் கடல்வழியை நம்பவேண்டாம். வக்கான்ஸுக்கு நண்பர் வரும் ஆகஸ்டில்தான் நல்லூர்த் திருவிழாவும் வருகிறது, கடலும் இடம் கொடுக்கிறது. நண்பர் இ-விசாவில் இந்தியா வந்திருந்தால் ஒன்றைக் கட்டாயம் பாருங்கள்: இ-விசாக்காரர்கள் அரசு குறித்த விமான நிலையங்கள், துறைமுகங்கள் வழியாக மட்டுமே மறுபடி உள்ளே வரலாம். நாகப்பட்டினம் அந்தப் பட்டியலில் இருக்கிறதா, அவருடைய விசா இரண்டாம் முறை நுழைய விடுகிறதா என்று சீட்டு எடுப்பதற்கு முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். இல்லையென்றால் இருவரும் திருச்சி வழியாக விமானத்தில் போய்வாருங்கள்.